செல்வம் அண்ணனின் சட்டை

போன வாரம் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓர் ஆடு கண்ணீர் அஞ்சலி போஸ்டரைத் தின்றுகொண்டிருந்தது. மழையில் மேல்பாதி உரிந்து தொங்கியிருக்க வேண்டும். மைதா பசைக்கு ஆசைப்பட்ட ஆடு முன்கால்களைச் சுவரில் ஊன்றி, இறந்தவரின் முகத்தை நிதானமாக மென்று முடித்துவிட்டது. மிச்சமிருந்தது கழுத்துக்குக் கீழே ஒரு வெள்ளைச் சட்டை. இடது தோள் சற்றுச் சரிந்திருந்தது. சட்டைப்பையின் ஓரத்தில் மைக்கறை. அது செல்வம் அண்ணனின் உடம்பு. அவர் செத்துப் பல வருஷமாகிறது.

சிரிக்காமல் கேளுங்கள். மைதா பசை வாடை அடித்தாலே நான் கீழ ராஜ வீதியில் இருந்த அந்த டிசைனிங் கடைக்குப் போய்விடுவேன். பி.ஏ. முடித்த கையோடு அங்கே கம்ப்யூட்டர் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். வாழ்க்கைக்கு என்ன அர்த்தம் என்று யோசிக்கிற வியாதி அப்போது எனக்கு உண்டு. அதற்குத் தோதாகத் தாடியும் வைத்திருந்தேன். கல்யாணம், காதுகுத்து எல்லாம் வரும் என்றாலும் கடைக்குச் சோறு போட்டது சாவுதான்.

செத்தவருக்கு நல்ல போட்டோ இருக்காது. ரேஷன் கார்டிலிருந்தோ, யார் வீட்டுக் கல்யாணக் கூட்டத்திலிருந்தோ முகத்தை மட்டும் வெட்டி எடுப்போம். உடம்புக்கு எங்கே போவது? கடையில் ஃபிளக்ஸுக்குச் சட்டம் அடிக்கும் செல்வம் அண்ணன், வல்லத்திராக்கோட்டைக்காரர், ஒருநாள் வெள்ளைச் சட்டையில் வந்தார். முதலாளி அவரைச் சுவரோரம் நிறுத்தி ஒரு படம் எடுத்தார். கட்டைகளைச் சுமந்து சுமந்து அவருக்கு இடது தோள் இறங்கியிருக்கும். தலையை வெட்டிவிட்டு உடம்பை மட்டும் வைத்துக்கொண்டோம். இடம் போதாத கம்ப்யூட்டர், வேண்டாததைச் சேர்த்துவைக்கிற வழக்கமே கிடையாது. அதன்பிறகு சுற்றுவட்டாரத்தில் எந்த ஆம்பளை செத்தாலும் அந்தச் சட்டையில்தான் சுவரேறினார்கள். விவசாயி, வாத்தியார், மளிகைக்கடைக்காரர், எல்லார் கழுத்துக்குக் கீழேயும் செல்வம் அண்ணன்.

டீ குடிக்கும்போது அவரே சொல்லிச் சிரிப்பார். “ஊருல பாதிப் பேரு எஞ் சட்டையிலதாம்ப்பா போயிருக்கான். நான் போறப்ப எவஞ் சட்டையப் போடுவீங்க?”

நானும் சிரித்தேன். அவருக்கு நாற்பதுகூட ஆகியிருக்கவில்லை.

ஒருநாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கருமாதிக்கு மாலை போடப் படம் வேண்டும் என்று அவர் மனைவி தன் தம்பியோடு கடைக்கு வந்தார். கையில் இருந்தது ஒரே ஒரு போட்டோ. கல்யாணத்தன்று எடுத்தது, அரும்பு மீசையும் பயந்த கண்ணுமாக ஒரு பையன். வீட்டில் வேறு படம் இல்லை. எங்களிடம் அவர் உடம்பு இருந்தது. முகத்தை நாங்களே தூக்கி எறிந்திருந்தோம்.

அந்தப் பையனின் முகத்தை எடுத்து அவர் உடம்பில் வைத்தேன். பெரிதாக்கினேன், சிறிதாக்கினேன், நிறத்தைக் குறைத்தேன். யார் யார் தலைக்கோ பொருந்திய உடம்பு சொந்தத் தலைக்குப் பொருந்தவில்லை. அந்த அக்கா பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விரலால் மைக்கறையைத் தொட்டார்.

“சட்டை அவுக சட்டைதான் தம்பி. இந்தக் கறைய நானும் தொவச்சுத் தொவச்சுப் பாத்தேன், போகல. மூஞ்சிதான் யாரு மூஞ்சியோ மாதிரி இருக்கு.” விரலை எடுத்துக்கொண்டார். “தலை வேணாம். சட்டைய மட்டும் போட்டுக் குடுங்க. மூஞ்சி எனக்கு ஞாபகம் இருக்கு.”

ஊர் என்ன பேசும் என்று அவர் தம்பி சத்தம் போட்டார். கடைசியில் இரண்டு படம் போட்டோம். கல்யாண முகத்தோடு ஒன்று, ஊருக்கு. தலையில்லாத இன்னொன்றை அக்கா நியூஸ் பேப்பரில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினார். வாழ்க்கையின் அர்த்தத்தைப் பற்றி நான் பேசுவது அன்றோடு நின்றது. அர்த்தம் தெரிந்துவிட்டதால் இல்லை, பயத்தினால்.

கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் ரிப்பேர் பார்க்கிறார்கள். முதலாளியும் போய்விட்டார். அந்த அக்கா தன் மகளோடு திருப்பூர் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. அந்த உடம்பு மட்டும் பென்டிரைவில் ஏறி, கடை கடையாகச் சுற்றி, இன்னும் செத்துக்கொண்டிருக்கிறது.

ஆட்டை விரட்டிவிட்டு அந்தச் சட்டைக்கு முன்னால் நின்றேன். அதற்கு மேலே அவர் முகத்தை நினைத்துப் பார்த்தேன். எத்தனையோ நாள் எதிரே உட்கார்ந்து டீ குடித்த முகம். நான் ஒட்டிய தலைகள் ஒவ்வொன்றாக வந்து போயின. விவசாயி வந்தார், வாத்தியார் வந்தார், மளிகைக்கடைக்காரர் வந்தார். செல்வம் அண்ணன் வரவில்லை.