வலைப்பதிவில் விட்ட சவாலும் தேயிலைக்குள் போன பந்தும்

1. கை தட்டினார்கள், பயந்துவிட்டேன்

அன்று காலை தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் லொறியை நிறுத்தி இறங்கியதும், அங்கே நின்ற பெண்கள் எல்லோரும் கை தட்டினார்கள். யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் என் லொறிதான் நின்றது.

கூடையை இறக்கி வைத்துவிட்டு சரோஜா முன்னால் வந்தாள். பள்ளிக்கூடக் காலத்தில் மாகாணப் போட்டி வரை ஓடியவள். இப்போது மலையில் கொழுந்து எடுக்கிறாள்.

“அண்ணே, நாங்க ரெடி. ஞாயித்துக்கிழமை கிரிக்கெட் மெச்சு.”

“என்ன மெச்சு?”

“நீங்கதானே எழுதியிருக்கீங்க? பொம்பளைங்க ஆறு ஓவர் ஆடுனா வாலிபர் சங்கம் தேயிலைக்குள்ள போயி ஒளியும்னு!”

எழுதியது நான்தான். ஆனால் அதை யாரும் படித்திருக்க முடியாதே!

இலங்கை மலைநாட்டில், லிந்துலைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டுகிறேன். இந்த வேலையில் பாதி நேரம் காத்திருப்பதுதான். நிறுவை முடிந்து சாக்குகள் ஏறும் வரை சாரதிக்கு வேலை இல்லை. அந்த நேரத்தில் கைபேசியில் வலைப்பதிவு எழுதத் தொடங்கி ஒரு சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அரசியல், சமூகம், விளையாட்டு என்று மூன்றையும் விட்டுவைக்கவில்லை. முதல் பத்தியில் நாட்டின் பொருளாதாரத்தை நிமிர்த்துவேன், அடுத்த பத்தியில் தேசிய அணியின் துடுப்பாட்ட வரிசையை மாற்றியமைப்பேன். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கீழே ஓர் எண் விழும். அது பத்தைத் தாண்டியதே இல்லை. அதிலும் பாதி நானே போய்ப் பார்த்தது. படிக்க ஆளில்லாதவனுக்கு வருகிற துணிச்சல் இருக்கிறதே, அது எந்தத் தலைவருக்கும் வராது.

அந்தத் துணிச்சலில் எழுதியதுதான் இது. தேர்தல் நேரத்தில் ஒரு வேட்பாளர் வந்து வாலிபர் சங்கத்துக்குத் துடுப்பு, பந்து, ஸ்டம்ப் எல்லாம் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார். பெண்களுக்கு மாலை போடும் வேலை. பிறகு அவர்கள் ‘ஒரு நாளைக்காவது கிரவுண்டைத் தாங்க’ என்று கேட்டபோது, ‘உங்களுக்குத்தான் வருசப் பொறப்புக்குத் தேங்காய் துருவுற போட்டி வைக்கிறோமே’ என்று சங்கம் சொல்லிவிட்டது. எனக்குக் கோபம் வந்தது. ஒளிவதைப் பற்றிய அந்த வரியும் கூடவே வந்துவிட்டது.

ஒன்றை மறந்திருந்தேன். எங்கள் மலையில் தேத்தண்ணி நேரத்தில் ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். முன்பு பத்திரிகை, இப்போது கைபேசி. என் கணக்கில் சரோஜா ஓர் ஆள். அவள் வாசிக்கக் கேட்டது முழு மலை.

உடனே லொறிக்குள் ஏறிக் கண்ணாடியை உயர்த்திவிட்டு அந்த வரியை அழித்தேன். ‘இரு தரப்பும் நட்புறவுடன் விளையாடினால் நன்று’ என்று மாற்றினேன். பின்னேர நிறுவைக்குப் போனேன்.

“அண்ணே, காலையில இருந்த வரி இப்ப காணோமே?” என்றாள் சரோஜா. “பரவால்ல, நாங்க போட்டோ புடிச்சு வச்சிருக்கோம்.”

2. வீட்டுக்கு வந்த சங்கத் தலைவர்

வீட்டுக்குப் போனால் வாசலில் ஓட்டோ நிற்கிறது. வாலிபர் சங்கத் தலைவர் பிரபு வீட்டுக்குள்ளே உட்கார்ந்திருக்கிறான். என் மனைவி புஷ்பத்தின் தம்பி. நல்ல வாட்டசாட்டமான ஆள்.

“மச்சான், அக்கா மொகத்துக்காகத்தான் பொறுமையா பேசுறேன். நாங்க தேயிலைக்குள்ள ஒளியணுமா?”

“அது இலக்கியத்துல ஒரு உத்தி மச்சான்...”

“உத்தியெல்லாம் ஞாயித்துக்கிழமை கிரவுண்டுல காட்டுங்க. தீபாவளி லீவுக்குக் கொழும்புல இருந்து பசங்க எல்லாம் வந்திருக்காங்க. பொம்பளைங்க தோத்தா இனிமே கிரவுண்டு பக்கமே வரக் கூடாது. நீங்களும் அந்த வலைப்பதிவ மூடிடணும்.”

சமையலறையிலிருந்து புஷ்பம் கரண்டியோடு வந்தாள். “ஜெயிச்சா? ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் கிரவுண்டு எங்களுக்கு. சாமான்ல பாதியும் எங்களுக்கு.”

“எங்களுக்கா? நீ எங்க நடுவுல வர்ற?” என்றேன்.

“நானும் டீம்ல இருக்கேன். நீங்க எழுதுனதப் படிச்சுட்டுத்தான் சேந்தேன்.”

பிரபு போகும்போது சட்டம் வேறு போட்டான். “பந்து தேயிலைக்குள்ள போனா நாலுன்னு கணக்கு இல்ல. தேடி எடுத்து எறியிற வரைக்கும் ஓடலாம். எங்க கிரவுண்டுல அதுதான் சட்டம்.” தூர அடிக்கப் போவது தங்கள் ஆட்கள்தான் என்ற நம்பிக்கை அவனுக்கு.

மறுநாள் சரோஜாவிடம் கெஞ்சினேன். “இத ஒரு சமாதானமா முடிச்சுக்கலாமே தங்கச்சி?”

அவள் சிரிக்கவில்லை. “கூடையத் தோள்ல போட்ட நாள்ல இருந்து அந்தக் கிரவுண்டக் குறுக்கால கடந்து வேலைக்குப் போறேன். நின்னு ஒரு நாள் ஓடுனதில்ல. வாரத்துல ஒரு பொழுது வேணும் அண்ணே. அத நாங்க கேட்டு வாங்கிக்கிறோம். நீங்க பயப்படுறதுன்னா ஓரமா நின்னு பயப்படுங்க.”

3. எழுதியவரே நடுவர்

ஓரமாக நிற்கவும் விடவில்லை. “எழுதுனவரே அம்பயரா நிக்கட்டும்” என்று இரண்டு பக்கமும் ஒருமனதாக முடிவெடுத்தார்கள். அந்த வாரம் முழுவதும் அவர்கள் ஒத்துப்போன ஒரே விசயம் அதுதான்.

மழை விட்டு மைதானம் நனைந்து கிடந்தது. முதலில் சங்கத்துக்காரர்கள் ஆடினார்கள். இரண்டாவது பந்தையே பிரபு தேயிலைக்குள் தூக்கி அடித்துவிட்டு, ஆடி அசைந்து ஓடினான். பத்து ரன்னாவது எடுக்கலாம் என்று நினைத்திருப்பான். சரோஜா இரண்டு செடிகளுக்கு நடுவே பக்கவாட்டில் நுழைந்தாள். அசைந்த கிளையைப் பார்த்தாள், குனிந்தாள், எறிந்தாள். ஒரு ரன்தான். அதன் பிறகு எந்தப் பந்து உள்ளே போனாலும் இதே கதை. உயரப் போன பந்துகளைக் கொழுந்து கிள்ளும் கைகள் விடவில்லை. ஆறு ஓவரில் முப்பத்தொன்று.

ஆனால் பெண்கள் துடுப்பெடுத்ததும் எனக்கு மறுபடி பயம். முதல் இரண்டு விக்கெட்டும் சட்டென்று விழுந்தன. சரோஜா ஓடி ஓடி ஒன்றும் இரண்டுமாகச் சேர்த்தாள். கடைசிப் பந்துக்கு ஆறு ரன் வேண்டும். துடுப்போடு நிற்பது என் மனைவி. கண்ணை மூடிக்கொண்டேன். நடுவர் செய்யக் கூடாத காரியம்.

பந்தில் துடுப்பு பட்ட சத்தம் கேட்டது. திறந்து பார்த்தால் பந்து சரிவில் உருண்டு தேயிலைக்குள் போய்விட்டது. துரத்திப் போன கொழும்புப் பையன்கள் புதுச் சப்பாத்துகளோடு தேயிலை ஓரத்தில் நின்றுவிட்டார்கள்.

“டேய், உள்ள எறங்குங்கடா!” என்று பிரபு கத்தினான்.

“அட்டை கடிக்கும்ண்ணே!”

பிரபு தானே உள்ளே பாய்ந்தான். பாய்ந்தது வேறு நிரையில். இங்கே சரோஜாவும் புஷ்பமும் ஓடிக்கொண்டே இருந்தார்கள். “மூனு! நாலு!” என்று மைதானமே எண்ணியது.

“மச்சான், அது பவுண்டரி! நாலுதான்!” என்று தேயிலைக்குள்ளிருந்து பிரபுவின் குரல் வந்தது. தலை தெரியவில்லை.

“சட்டம் உன்னோடது மச்சான்! நீ தேடு!” என்றேன். வாழ்க்கையிலேயே நான் நடுங்காமல் சொன்ன தீர்ப்பு அது.

ஆறாவது ரன்னை ஓடி முடித்துப் புஷ்பம் துடுப்பைத் தரையில் வைத்தாள். பெண்கள் எல்லோரும் மைதானத்துக்குள் ஓடி வந்தார்கள். சரோஜா மட்டும் நிற்கவில்லை. ஆட்டம் முடிந்தது தெரியாதவள்போல மைதானத்தைச் சுற்றி ஒரு முழு வட்டம் ஓடினாள்.

பிரபு வாக்குத் தவறவில்லை. சாமான்களில் பாதியை அன்றே தன் ஓட்டோவில் ஏற்றி, சரோஜாவின் லயத்து வீட்டில் கொண்டுபோய் இறக்கினான். அடுத்த ஞாயிறு மைதானத்தில் பெண்கள் ஆடினார்கள். பந்து பொறுக்கிப் போட்டவர்களில் அவனும் ஒருவன்.

புதிதாக எழுத வருகிற தம்பி தங்கைகளுக்கு இந்த லொறிக்காரன் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. எழுதியதை அவசரப்பட்டு அழிக்காதீர்கள். உங்களுக்குப் பயம் வந்துவிட்டது என்பதற்காக, படித்தவர்களுக்கும் வந்திருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம்.