முயலுக்குச் செவுள் கிடையாது

கல்யாணமாகி ஒன்றரை வருஷமாக என் மாமனார் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பிள்ளைச்சாவடிக் கடற்கரையில் மீன்பிடிக்கிற வீட்டுப் பெண். அவர் காலாப்பட்டுப் பக்கம் பயிர் வைக்கிறவர். மகன் சொல்லாமல் கொள்ளாமல் என்னைக் கட்டிக்கொண்டு முத்தியால்பேட்டையில் குடிவைத்த கோபம். பண்டிகைக்குப் போனால்கூட, நான் எதிரிலேயே நிற்க, "அவளுக்கு மோர் வேணுமான்னு கேளு" என்று மகனிடம்தான் சொல்வார். எனக்கு அழுகையும் வரும், சிரிப்பும் வரும்.

பொங்கல் முடிந்த கரிநாளில் மாமனார் வீட்டார் முயல் வேட்டைக்குப் போவது வழக்கம். அந்த மார்கழியில் பார்த்தால் வேட்டை வலையை எலி குதறி வைத்திருந்தது. வலைதானே, நான் பின்னித் தருகிறேன் என்று முந்திக்கொண்டேன். இதிலாவது மனுஷன் வாயைத் திறக்கமாட்டாரா என்ற நப்பாசை. அப்பாவிடம் வலை ஊசியும் நைலான் நூலும் வாங்கிவந்து, டி.வி. சீரியல் பார்த்துக்கொண்டே பின்னித் தள்ளினேன். மீன் வலைக்குக் கண்ணின் அளவுதான், அதாவது ஓட்டையின் அளவுதான், சூட்சுமம். தலை நுழைய வேண்டும், செவுள் மாட்ட வேண்டும். முயல் தலையை நான் எங்கே கண்டேன்? காதையும் கணக்கில் சேர்த்துத் தாராளமாகவே வைத்தேன்.

கரிநாள் மதியம் முந்திரித்தோப்பில் வலையைக் கட்டினோம். ஆட்கள் தகரத்தைத் தட்டிக் கூச்சல் போட, ஒரு முயல் நேராக வலைக்கே ஓடிவந்தது. காதை மடக்கியது. கண்ணில் நுழைந்தது, அந்தப் பக்கம் வெளியே வந்தது. முயலுக்குச் செவுள் கிடையாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வலைக்குப் பின்னால் நின்ற மாமனார் அதைக் குனிந்து அமுக்கப் பார்த்தார். அது அவர் காலிடுக்கில் பாய்ந்து போக, அவர் தலைகுப்புற வலையில் விழுந்தார். கை, கால், சட்டைப் பொத்தான், ஒரு செருப்பு எல்லாம் மாட்டிக்கொண்டன. நெளிய நெளிய இறுகியது. என் கணவர் மண்ணில் புரண்டு சிரித்தார்.

"டேய், அவள வந்து அவுக்கச் சொல்லுடா!"

நான் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தேன். எங்கிருந்து அந்தத் திமிர் வந்ததோ, கையைக் கட்டிக்கொண்டேன்.

"என்கிட்டயே சொல்லுங்க மாமா."

மண்ணில் புரண்டுகொண்டிருந்த என் கணவர் எழுந்து உட்கார்ந்தார். வலைக்குள்ளிருந்து மாமனார் என்னை முறைத்தார்.

"அவுத்து வுடும்மா" என்றார். "அடுத்த வருசம் கண்ண கொஞ்சம் சின்னதா போடு."

அடுத்த வருஷம்! கண்ணீரில் எதுவும் தெரியாமல், முதல் சிக்கை எடுக்கவே எனக்கு வெகுநேரம் ஆனது.