சந்தையில் கிடைத்த அக்கார்டியன்

ஷோசாய் டார்ச்சின் வாயை விரல்களால் பாதி மூடித்தான் பிடிப்பார். தியான்ஜின் இரவுச் சந்தையில் வெளிச்சம் பழம்பொருள்மேல் விழலாம், விற்பவர் முகத்தில் விழக்கூடாது. எங்கிருந்து வந்தது என்றும் கேட்கக்கூடாது.

அன்று ஒரு விரிப்பில், வீட்டிலிருந்து காணாமல்போன அவருடைய அக்கார்டியன் இருந்தது. துருத்தியில் அவரே ஒட்டிய பச்சை நாடா. டார்ச்சை அதைவிட்டு நகர்த்தாமல் பார்த்துக்கொண்டே நின்றார்.

"என்னண்ணே, சாமான் வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?" என்றான் விற்பவன்.

"எவ்வளவு?"

"முந்நூறு யுவான்."

"கிழிஞ்ச துருத்திப்பா."

"ஒட்டுனவன் நல்லாத்தான் ஒட்டியிருக்கான்."

இருநூற்றறுபதுக்கு முடித்து, எதுவும் கேட்காமல் வீட்டுக்குத் தூக்கிவந்தார். மனைவி குய்ரோங் அதைப் பார்த்துவிட்டுத் தேநீர் ஊற்றினாள்.

அவர் வாசிப்பைப் பொறுக்கமுடியாமல் அவள்தான் அதை எண்பது யுவானுக்கு விற்றிருக்கிறாள். மைத்துனி சொல்லி இது தெரிய இரண்டு வருடம் ஆயிற்று.