வண்டி யார் பேரில்

எங்கள் வீட்டில் எல்லாமே அப்பா பேரில்தான் இருந்தது. டெல்லியில் கோல் மார்க்கெட் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அவர் பேரில். அது சர்க்கார் கொடுத்தது, விட்டுவிடலாம். கேஸ் கனெக்‌ஷன், கரண்ட் பில், ரேஷன் கார்டு, அம்மாவின் தையல் மெஷின் ரசீது எல்லாம் அவர் பேரில். நான் படித்து முடித்து வேலைக்குப் போன பிறகும் என் போனில் இருந்த சிம் அவர் பேரில். மத்திய சர்க்கார் குமாஸ்தா வீடுகளில் இது ஒரு மதம். ஆபீஸ் போகிறவர் பேரை எழுதிவிட்டால் எந்தக் கவுண்டரிலும் கேள்வி வராது என்று நம்புவார்கள். கேள்வி வரத்தான் செய்யும். சொன்னால் கேட்க மாட்டார்கள்.

எனக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வேண்டியிருந்தது. என் காசில், என் பேரில். இரண்டாவது விஷயத்துக்குத்தான் அத்தனை சண்டை.

நான் ரத்தப் பரிசோதனை லேப்பில் வேலை செய்கிறேன். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கும் வேலை. வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும் என்பதால் விடிந்ததும் விடியாததுமாக ஜனங்கள் கதவைத் திறந்து வைத்துக் காத்திருப்பார்கள். காலை டீ குடிக்காத கோபம் முழுவதும் நம் மேல் விழும். முதல் வருஷம் மெட்ரோவிலும் ஆட்டோவிலும் ஓடினேன். அந்த நேரத்துக்கு மெட்ரோ பாதி நாள் உதவாது. ஆட்டோக்காரனிடம் பேரம் பேசி ஏறுவதற்குள் அடுத்த வீட்டிலிருந்து போன் மேல் போன் வரும். கடைசியில் லேப்பில் சொல்லிவிட்டார்கள்: சொந்த வண்டி இருந்தால் வெளியே போ, இல்லையென்றால் உள்ளே உட்கார்ந்து பாட்டிலுக்கு ஸ்டிக்கர் ஒட்டு. எனக்கு ஸ்டிக்கர் ஒட்டப் பிடிக்காது. சம்பளமும் குறைவு.

வண்டி என்று நான் சொன்னதை வீட்டில் ஸ்கூட்டி என்று எடுத்துக்கொண்டார்கள். மோட்டார் சைக்கிள் என்று திருத்தினேன். அப்பா சப்பாத்தியைத் தட்டில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். அவர் திருநெல்வேலிக்காரர். டெல்லி அவருடைய தமிழை ஒன்றும் செய்ய முடியவில்லை.

"பொம்பளப் பிள்ளைக்கு கியர் வண்டி எதுக்குட்டி?"

"ஸ்கூட்டிக்குச் சக்கரம் சின்னதுப்பா. மழை பெஞ்சா இந்த ஊர் ரோட்ல குழி எங்க இருக்குன்னே தெரியாது. பெரிய சக்கரம்னா ஏறி இறங்கிரும். பெட்ரோலும் கம்மியாத்தான் குடிக்கும்."

"காலு எட்டுமா?" என்றாள் அம்மா.

உருப்படியான கேள்வி அது ஒன்றுதான். நான் ஐந்தடி உயரம். பள்ளித் தோழி ஒருத்தியின் பழைய வண்டியில் ஓட்டப் பழகி, கியர் வண்டிக்கே லைசென்ஸும் எடுத்திருந்தேன். ஆனால் அவள் வண்டியில் ஒவ்வொரு சிக்னலிலும் ஒற்றைக் கால் நுனியில் நின்றேன். தினம் அப்படி நின்றால் இடுப்பு போய்விடும்.

கரோல் பாகில் ஒரு ஷோரூமுக்குப் போனோம். அப்பாவும் கூட வந்தார். தலையில் ஜெல் தடவிய விற்பனைப் பையன் அப்பாவிடம்தான் பேசினான்.

"அங்கிள்ஜி, பொண்ணுக்கா? ஸ்கூட்டர் எல்லாம் அந்தப் பக்கம்."

"மோட்டார் சைக்கிள்," என்றேன்.

அவன் மறுபடியும் அப்பாவைப் பார்த்தான். "அப்போ பையனுக்கா?"

"பையனே கிடையாது. எனக்குத்தான். என்னைப் பாத்துப் பேசு, பையா."

"அச்சா, அச்சா," என்று இளித்தான். அப்படியும் போகிற வழியில் ஒரு ரோஸ் கலர் ஸ்கூட்டர் முன்னால் இரண்டு நிமிஷம் நிறுத்தினான். நான் நிற்கவில்லை.

முதலில் ஏறியது அழகான வண்டி. பெட்ரோல் டேங்க் காளை மாட்டுத் திமில் மாதிரி இருந்தது. இரண்டு குதிகாலும் அந்தரத்தில் நின்றன. ஸ்டாண்டை எடுத்ததும் வண்டி இடது பக்கம் சாய்ந்தது. நானும் அவனும் சேர்ந்து பிடித்தோம். "பாத்தீங்களா மேடம்," என்று சந்தோஷமாகச் சொன்னான். இரண்டாவது வண்டியில் ஹேண்டில்பாரைப் பிடிக்கப் படுக்க வேண்டியிருந்தது. மூன்றாவது ஓரத்தில் தூசியோடு நின்ற சாதாரண வண்டி. கறுப்பு. நூறு சிசி. அதில் ஒரு அலங்காரமும் இல்லை.

"அது பால்காரன் வண்டி மேடம்."

"பால்காரன் தினம் கீழ விழறானா?"

ஏறி உட்கார்ந்தேன். இரண்டு முன்பாதமும் தரையில் பதிந்தன. இறங்கி நின்று, யாரையும் தொடவிடாமல் பின்னாலும் முன்னாலும் தள்ளிப் பார்த்தேன். வந்தது. முதல் வண்டி வாங்குகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்த ஒரே புத்தி இதுதான்: ஏறி உட்கார்ந்து கண்ணாடியில் பார்த்துக்கொள்வது போதாது, இறங்கித் தள்ளிப் பாருங்கள். நெரிசலில் மானம் போவது ஓட்டும்போது அல்ல, தள்ளும்போது.

நான் தள்ளிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் அப்பா மேஜையருகே போய்த் தன் ஆபீஸ் அடையாள அட்டையை நீட்டி, புக்கிங்கில் தன் பேரைக் கொடுத்துவிட்டார். மெட்ரோவில் ஏறிய பிறகுதான் ரசீதைப் பார்த்தேன்.

வீட்டுக்குள் செருப்பைக் கழற்றும் வரைக்கும்தான் பொறுத்தேன்.

"காசு என்னோடது. ஓட்டப் போறது நான். பேர் மட்டும் எதுக்கு உங்களோடது?"

"என் பேர்ல இருந்தா நல்லதுலா. போலீஸ்காரன் புடிச்சா மினிஸ்ட்ரின்னு சொல்லலாம்."

"உங்க மினிஸ்ட்ரி பேரைச் சொன்னா, அப்படி ஒண்ணு இருக்கான்னு போலீஸ்காரன் நம்மளையே கேப்பான்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பாவுக்கு அது இன்னும் எரிச்சல்.

"நாளைக்கு உனக்குக் கல்யாணம் ஆச்சுன்னா வண்டிய என்ன செய்வ?"

"அதையும் கூட்டிட்டுப் போவேன்."

"எதுக்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசு. என் பேர்லதான் இருக்கும். அம்புட்டுத்தான்."

அதற்குப் பிறகு பல நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. உப்பு வேண்டுமென்றால் அம்மா வழியாகக் கேட்டார். ஒரு கட்டத்தில் எனக்கே அலுத்துவிட்டது. பேரை எழுதித் தொலையட்டும், சாவி என் கையில்தானே இருக்கப் போகிறது என்று நினைத்தேன். நினைத்தது தப்பு என்று இன்சூரன்ஸ் மேஜையில்தான் தெரிந்தது.

மீதிப் பணம் கட்ட அழைத்திருந்தார்கள். கையெழுத்துக்காக அப்பாவும் வந்தார். ஷோரூமின் பின்பக்கம் ஒரு சின்ன அறை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி விட்டுக்கொண்ட ஒருவர் அப்பா பேரில் பாலிசியை அடித்துத் தயாராக வைத்திருந்தார். கையெழுத்து மட்டும் பாக்கி என்றார். நான் கேட்டேன், இந்தப் பாலிசியில் யாருக்கு என்ன கிடைக்கும் என்று. அவர் இந்தியில் ஒப்பித்தார். நீங்கள் யாரையாவது இடித்தால் இடிபட்டவருக்குக் கிடைக்கும். வண்டி திருடு போனால் வண்டியின் மதிப்பு கிடைக்கும். விழுந்து அடிபட்டால் ரிப்பேருக்குக் கிடைக்கும்.

"அது வண்டிக்கு. எனக்கு அடி பட்டா?"

"அதுக்குத் தனியா இருக்கு மேடம். ஓனர் டிரைவருக்கு பதினஞ்சு லட்சம்."

"சரி. டிரைவர் நான்தான்."

"ஓனர் பாப்பாஜி."

"ஆமா."

"ஓனரே ஓட்டணும் மேடம். அப்பத்தான் கிடைக்கும். ஓனருக்கு லைசென்ஸ் இருக்குல்ல?"

"அவர் சைக்கிள்கூட ஓட்ட மாட்டார்."

கண்ணாடியை இறக்கி அப்பாவை ஒருமுறை பார்த்தார். "அப்போ யாருக்கும் ஒண்ணும் கிடையாது," என்றார், கடையில் பால் தீர்ந்துவிட்டது என்று சொல்வது போல.

"அப்ப அதுக்கு எதுக்குப் பணம் போட்டிருக்கீங்க?"

"எல்லாருக்கும் போடறதுதான் மேடம்."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு சத்தம் வந்தது என்று தெரியவில்லை. ஓட்டாத ஓனருக்கும் ஓனர் இல்லாத டிரைவருக்கும் சேர்த்து ஒரு பாலிசியா, பேய்க்கா இன்சூரன்ஸ் போடுகிறீர்கள் என்று கத்தினேன். நான் இடிக்கிற பஸ்ஸுக்கு இருக்கிற மரியாதை எனக்கு இல்லையா என்றேன். வெளியே ஒரு புது வண்டிக்கு மாலை போட்டுக்கொண்டிருந்த குடும்பம் அப்படியே நின்று பார்த்தது. அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

பின்னாலேயே போனேன். நடைபாதையில் சாக்ஸ் விற்கிறவன் விரிப்புக்கு முன்னால் நின்று சாக்ஸ் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மானத்த வாங்கிட்டியேட்டி."

"உங்க பேரை எடுங்க. என் பேரைப் போடுங்க. முடிஞ்சுது."

"முடியாது."

"ஏன்?"

"காட்டன் சாக்ஸ், அங்கிள்ஜி, நல்ல சரக்கு," என்று ஒரு ஜோடியை அவர் கையில் திணித்தான் கடைக்காரன். அப்பா அதை வைத்துக்கொண்டே பேசினார்.

"புக்கிங் அன்னைக்கே அந்தப் பேப்பர பாத்தேன். ஓனர்னு ஒரு கட்டம் இருக்கு. அதுக்குக் கீழயே, அவரு செத்தா யாருக்குன்னு ஒரு கட்டம். மேல உன் பேரையும் கீழ எங்க பேரையும் எழுதச் சொல்லுதியா? பெத்தவன் எழுதுத எழுத்தாட்டி அது? என் பேரு இருந்துட்டுப் போட்டும்னு பாத்தேன்."

போலீஸ், மினிஸ்ட்ரி, கல்யாணம் எல்லாம் சும்மா சொன்னவை. அத்தனை நாளும் அதிகாரத் திமிர் என்று நினைத்து அவரோடு பேசாமல் இருந்திருக்கிறேன். அங்கே நின்று அழுதால் காரியம் ஆகாது.

"நீங்க எழுதாட்டா நான் விழமாட்டேனாப்பா?"

"வாயக் கழுவு."

"சாவை விடுங்க. கை கால் போனாலும் அதுலதான் வரும். நான் காலொடிஞ்சு... காலே போயி வீட்ல கெடந்தா, உங்க பேர்ல இருக்கிற கேஸ் கனெக்‌ஷனா எனக்குச் சோறு போடும்?"

அவர் சாக்ஸைக் கீழே வைத்தார்.

"காலுக்கும் உண்டுமா?"

"உண்டு."

"யாரு சொன்னா? எங்க போட்டிருக்கான்?"

அவருக்குள் அப்பா போய் குமாஸ்தா வந்துவிட்டார். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. என்னை முந்திக்கொண்டு உள்ளே நடந்தார். அந்த அறையில் உட்கார்ந்து, கண்ணாடிக்காரரைத் தன் செக்‌ஷனில் புதிதாகச் சேர்ந்தவரைக் கேட்பது போலக் கேட்டார். ஒரு கால் போனால் எவ்வளவு, இரண்டு என்றால் எவ்வளவு, கண்ணுக்கு உண்டா, யார் சர்டிபிகேட் கொடுக்க வேண்டும், எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும். கண்ணாடிக்காரர் பாலிசியின் பின்பக்கத்தைப் புரட்டிப் புரட்டிக் காட்டினார். அப்பா நடுவில் என் பக்கம் திரும்பி, "ஒத்தக் காலுன்னா பாதியாம்," என்று தமிழில் சொன்னார். பேரம் படிந்த மாதிரி ஒரு திருப்தி முகத்தில். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இத அழிச்சிட்டுப் புதுசா அடி," என்றார் அவரிடம். "புக்கிங்கும் மாத்து. வண்டியும் பாலிசியும் இவ பேர்ல. லைசென்ஸ் இவகிட்டதான் இருக்கு."

கண்ணாடிக்காரர் பெருமூச்சு விட்டு என் ஆதாரை வாங்கினார். பேர், வயது, விலாசம் எல்லாம் கேட்டு அடித்தார். பிறகு, "நாமினி?" என்றார்.

அப்பா சுவரில் இருந்த காலண்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"உங்க பேரைச் சொல்லட்டாப்பா?"

"வேண்டாம். அந்தக் காசு என் கையில வரப்படாது. அம்மா பேரச் சொல்லு."

சொன்னேன். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். கையெழுத்துப் போட்டேன். அவர் திரும்பவே இல்லை. எல்லாம் முடிந்து காகிதத்தை மடித்த பிறகுதான் திரும்பி, "ஸ்பெல்லிங் சரியா இருக்கா பாரு," என்றார்.

வண்டி கைக்கு வந்த நாளில் ஷோரூமில் ஒரு ஹெல்மெட் கொடுத்தார்கள். அப்பா அதை விரலால் தட்டிப் பார்த்தார். "இது மண்சட்டில்லா. நல்லதா காட்டச் சொல்லு." பக்கத்துக் கடையில் நல்லதாக இரண்டு வாங்கினார், அவர் காசில்.

"ரெண்டு எதுக்குப்பா?"

"பின்ன, நான் வீட்டுக்கு நடந்தா போவேன்?"

என் முதல் பயணி அப்பாதான். உட்கார்ந்ததும் என் இரண்டு தோளையும் பிடித்தார். பிடி என்றால் பிடி, மறுநாள் ரத்தம் எடுக்கக் கையைத் தூக்கியபோது வலித்தது. "பைய போ, பைய போ" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. நடந்து போகிறவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். அதற்கு மேல் பைய போக முடியாது.

மந்திர் மார்க் சிக்னலில் பச்சை விழுந்ததும் கிளட்சைச் சட்டென்று விட்டுவிட்டேன். வண்டி அணைந்தது. மறுபடி ஸ்டார்ட் செய்தேன். மறுபடியும் அணைந்தது. அவர் எடையைப் பின்னால் வைத்து எடுத்துப் பழக்கமில்லை. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. பின்னாலிருந்த ஆட்டோ ஹாரனை அழுத்திய கையை எடுக்கவில்லை. பக்கவாட்டில் வந்து தலையை நீட்டினான் ஆட்டோக்காரன்.

"ஏ அங்கிள்ஜி! உங்க வண்டிய நீங்களே ஓட்டக் கூடாதா? எதுக்குப் பொண்ணுகிட்டக் கொடுத்துட்டு உசிரக் கையில புடிச்சிட்டு உக்காந்திருக்கீங்க?"

நான் வாயைத் திறந்தேன். என் வாயில் வந்தது அச்சில் போடக் கூடியது அல்ல. அதற்குள் அப்பா என் தோளிலிருந்து ஒரு கையை எடுத்து ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினார்.

"மேரா நஹீ பாய்," என்றார், உரக்க. "காடி இஸ்கா ஹை. பேப்பர் பீ இஸ்கா ஹை. தும் ருக்கோ."

என்னுடையது இல்லை, வண்டி இவளுடையது, காகிதமும் இவளுடையது, நீ நில்.

ஆட்டோக்காரன் சிரித்துக்கொண்டே கையை உயர்த்தி, போ என்று வழி காட்டினான். அப்பா கண்ணாடியை இறக்கி, கையைத் தோளில் திரும்ப வைத்தார். இந்த முறை அவ்வளவு அழுத்தமில்லை.

"நீ எடுட்டி. அவன் நிப்பான்."

கிளட்சை மெதுவாக விட்டேன். வண்டி கிளம்பியது.