என்னைப் புதைத்த சனிக்கிழமை

பனிச்சரிவில் ஆள் புதைந்தால் தேடிப் பிடிக்க பீக்கன் என்று ஒரு கருவி இருக்கிறது. ஆளுக்கொன்றை நெஞ்சில் கட்டிக்கொள்வார்கள். புதைந்தவரின் பீக்கன் ரேடியோ சைகை அனுப்பும். மற்றவர்களுடையது அந்தப் பக்கம் போகப் போகக் கீச்சிடும். கீச்சிடும் இடத்தில் தோண்டவேண்டும். மேற்கு மலைகளில், ஆட்கள் போகாத சரிவுகளில், இரண்டு சிநேகிதிகளோடு ஸ்நோபோர்ட் பலகையில் சறுக்கப் போவதாகச் சொல்லி, என் மகள் இதில் இரண்டைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். பார்த்தால் எனக்குத் தைரியம் வரும் என்று நினைத்தாளாம். நான் இரண்டையும் மேசையின் மறுபக்கம் தள்ளிவிட்டேன். நாங்கள் இருக்கிற ரூஜில் எங்கள் வாசற்படிக்கே உப்புப் போட்டு, கைபிடியைப் பிடித்து இறங்குகிற குடும்பம் நாங்கள்.

"நான் விடமாட்டன்," என்றேன்.

"அப்பா, ஐ ஆம் நாட் எ கிட்."

கடைசியில் ஓர் ஒப்பந்தம். வீட்டுப் பின்வளவில் ஒரு பீக்கனைப் புதைப்போம், அவள் கண்டுபிடித்தால் போகலாம். புதைக்கும் வேலையை மனைவி எடுத்துக்கொண்டாள்.

மகள் வளவெல்லாம் நடந்தாள். கையிலிருந்த மற்றப் பீக்கன் வாயே திறக்கவில்லை. நீளக் கம்பியால் பனியைக் குத்திக் குத்திப் பார்த்தாள். தோற்றுவிடுவாள் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே குளிர்ச்சி. ஆனால் அவள் விடவில்லை. மூக்கு ஒழுக, கண் கலங்கத் தேடிக்கொண்டே இருந்தாள். அதைப் பார்க்கப் பொறுக்காமல் மனைவி போய்த் தோண்டி, இறுக்க மூடிய சில்வர் சாப்பாட்டுப் பெட்டி ஒன்றை எடுத்தாள்.

"நனைஞ்சால் பழுதாப்போயிடுமெண்டு..."

"அம்மா! உது ஸ்நோவுக்கெண்டே செய்தது!"

உலோகத்துக்குள் அடைத்தால் சைகை செத்துவிடுமாம். உள்ளே பீக்கன் பத்திரமாக, மீன்குழம்பு வாசத்தோடு இருந்தது.

"ஆர் அப்பா சாப்பாட்டுப் பெட்டிக்குள்ளை புதையிறது?" என்று மகள் கேட்டாள்.

ரோசத்தில், "அப்ப என்னைப் புதைச்சுத் தேடு," என்றேன். வாய்க்கொழுப்பு. கம்பியால் குத்தக்கூடாது என்று மட்டும் நிபந்தனை போட்டேன்.

மகளை வீட்டுக்குள் அனுப்பிவிட்டு, அந்தப் பீக்கனை என் நெஞ்சில் கட்டி, வேலியோரப் பனிக்குவியலில் என்னைக் கிடத்தினாள் மனைவி. முகத்துக்கு மேல் உடுப்புக்கூடையைக் கவிழ்த்து, சவளால் பனியை அள்ளிப் போட்டாள். கலியாணம் கட்டிய நாள் முதலான கோபமெல்லாம் அந்தச் சவளில் தெரிந்தது.

பக்கத்து வீட்டு அன்ரியின் குரல் கேட்டது. "அண்ணை எங்கை? சத்தத்தைக் காணேல்லை."

"இவரைப் புதைச்சுப்போட்டனக்கா."

அன்ரியின் வீட்டுக் கதவு படாரென்று மூடியது. கூடைக்குள் என் மூச்சு மட்டும் எனக்குக் கேட்டது. கையை அசைத்துப் பார்த்தேன், அசையவில்லை. என் பிள்ளை இப்படித்தான் கிடப்பாளோ என்று நினைத்தேன். உண்மையாகவே பயந்துபோனேன்.

பிறகு கீச்சுச் சத்தம் நெருங்கி வந்தது. பனி சரசரவென்று விலகி, கூடை பறந்தது. கையுறையைக் கழற்றிய விரல்களால் மகள் முதலில் என் மூக்கையும் வாயையும் துடைத்தாள்.

"அப்பா, மூச்சு விடுங்கோ!"

விட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

"இனிப் போகலாம்தானே?" என்றாள்.

"உன்னோடை வாற ரெண்டு பிள்ளையளையும் நாளைக்கு இஞ்சை கூட்டிக்கொண்டு வா."

"ஏன்?"

"உன்னைத் தோண்டி எடுக்கப்போறது அவையள்தானே. முதல் என்னைத் தோண்டட்டும்."