அக்கா பார்க்காமல் போட்ட டிக்

எங்கள் அக்கா அவிநாசிபாளையத்தில் பிறந்தார். நான் அவருக்கு நான்கு வயது இளையவள். அப்பா தவறியபின் இருவரும் படிப்பை விட்டுவிட்டு பனியன் கம்பெனிக்குப் போனோம். முழுச் சட்டையை நான் ஒரே மூச்சில் தைத்துவிடுவேன். அக்காவுக்கு ஊசியில் நூல் கோக்கவே வராது. ஆனாலும் ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் மேஜை அவருக்குத்தான் கிடைத்தது. எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

ஓர் ஆர்டர் வந்தால் நிட்டிங், சாயம், கட்டிங், தையல், காஜா, செக்கிங், பேக்கிங் என்று பலகையில் கட்டம் போடுவார். நேரில் போய்ப் பார்த்த பிறகே டிக். என் கல்யாணத்துக்கும் பந்தல், சமையல், சீர் என்று காலண்டரின் பின்புறம் கட்டம் போட்டார். வந்தவர்கள் மணப்பெண்ணை விட்டுவிட்டு அவரையே மெச்சினார்கள்.

பிறகு நானும் அதே கம்பெனியில், வரிசையாக மெஷின் போட்ட ஒரு லைனுக்கு சூப்பர்வைசர் ஆனேன். எல்லா லைனுக்கும் போய்ப் பார்ப்பவர், என் லைனுக்கு மட்டும் வரமாட்டார். நான் சொன்னால் போதும் என்பாராம். என்னை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை என்றுதான் நான் நினைத்தேன்.

ஒருநாள், காலர் பனியன் ஆர்டர். என் லைனில் பாதிக்குக் காஜா, அதாவது பட்டன் துளையே போடவில்லை. அக்கா போனில் கேட்டார்: "காஜா முடிஞ்சுதா அம்மிணி?"

"முடிஞ்சுதுங்கக்கா."

ஒருமுறையாவது அந்தப் பலகை பொய்யாகட்டும் என்றுதான் சொன்னேன். அவர் டிக் போட்டார். கப்பலில் போகவேண்டிய சரக்கு தாமதமாகி, பல மடங்கு செலவில் விமானத்தில் போனது. முதலாளி எல்லாரையும் நிறுத்திக் கேட்டார்.

"நாந்தாங்க பாக்காம டிக் போட்டுட்டேன்" என்றார் அக்கா. என் பெயரை எடுக்கவே இல்லை. மறுநாள் என் லைனுக்கும் வந்து பார்த்தார். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் பெருந்தன்மையையும் என்னால் பொறுக்க முடியவில்லை.

சென்ற ஆண்டு நோயில் விழுந்தவர் மீளவே இல்லை. இரவு பகலாகக் கூடவே இருந்த அவர் கணவர், எங்கள் மாமாவுக்கும், மருத்துவர்களுக்கும், மண்ணரையில் அவர் வீட்டு அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. முறைவைத்துக் கஞ்சி கொண்டுவந்த செக்கிங் பெண்களுக்கு என் வணக்கம். நான் படுத்தால் இத்தனை பேர் வரமாட்டார்கள்.

உறவினர்களே, 'அவளும் ஒருதரம் சறுக்கினாள்' என்று விசேஷ வீடுகளில் நீங்கள் பேசும்போதெல்லாம் நான் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். அந்தச் சறுக்கல் என்னுடையது. அவர் இருக்கும்போதே சொன்னால் அவர் பெயர் இன்னும் உயர்ந்துவிடும் என்றுதான் சொல்லாமல் இருந்தேன். இனி உயரட்டும்.

தங்கை