அணுமின் நிலையத்துக்காக ஒரு ஜவுளிக்கடைப் பயணம்

அணுமின் நிலையத்து வேலைக்கு தி. நகர் ஜவுளிக்கடையில் போய் ஏன் உட்கார வேண்டும் என்று என் கணவரே கேட்டார். அவர் அந்த நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் ஷிஃப்ட் பார்ப்பவர். அவருக்கே விளங்காததை இங்கே விளக்கி வைக்கிறேன். இதே மாதிரி வேலைக்குக் கிளம்பப் போகிறவர் யாராவது படித்தால் ஒரு நாள் வெயிலாவது மிச்சமாகும்.

நான் நந்தனத்தில் ஒரு சின்ன ஆலோசனை நிறுவனத்தில் பொறியாளர். சென்னைக்குத் தெற்கே கடலோரம் இருக்கிற அந்த நிலையத்தைச் சுற்றி யார் யார் என்னென்ன ரசாயனம் வைத்திருக்கிறார்கள் என்று ஆண்டுதோறும் பார்த்துச் சொல்வது எங்கள் வேலை. குடிநீருக்குப் போடும் குளோரின், பனிக்கட்டி ஆலையில் குளிரூட்டப் பயன்படும் அம்மோனியா, இப்படி. அம்மோனியா கசிந்தால் அணு உலைக்கு இருமல் வராது. அதை ஓட்டுகிற ஆட்களுக்கு வரும். கண் எரிந்து மூச்சு முட்டினால் அவர்கள் எதைப் பார்த்து எதை இயக்குவது? எந்த வாயு வரக்கூடும் என்று நாங்கள் சொல்வதை வைத்துத்தான் கட்டுப்பாட்டு அறைக்கு வெளிக்காற்று நுழையும் இடத்தில் உணர்கருவி பொருத்துவார்கள். நாங்கள் 'இல்லை' என்றால் அந்த வாயுவுக்குக் கருவியும் இல்லை.

இந்த ஆண்டுதான் இந்த வேலை என் தலையில் விழுந்தது. மே மாதம், கத்திரி வெயில். நிலையத்துக்குப் பக்கத்து மீனவர் குப்பத்தில் ஒரு பனிக்கட்டி ஆலை. போய்ப் பார்த்தால் பூட்டு. முதலாளி யார் என்று விசாரித்தால், தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரர். ஆலை அங்கே, ஆள் இங்கே. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொன்னார்.

மயிலாப்பூர் குளத்தருகே 5பி பேருந்துக்கு நின்றேன். பெண்களுக்குக் கட்டணம் இல்லை, உண்மைதான். ஆனால் பேருந்தும் இல்லையே. அரை மணி நேரம் பார்த்துவிட்டு ஆட்டோ பிடித்தேன். ஐந்து கிலோமீட்டருக்கு நூற்றெண்பது ரூபாய். அதிலும் பனகல் பூங்காவுக்கு முன்பே ஓட்டுநர் வண்டியை ஓரம் கட்டிவிட்டார்.

"இன்னா மேடம் பண்றது? மெட்ரோகாரன் ரோட்டத் தோண்டிப் போட்டுக்கினு கீறான். உள்ள போனா சாயங்காலந்தான் வெளிய வர முடியும். நடந்துடுங்க."

நடந்தேன். வைகாசி முகூர்த்தக் கூட்டம். கடைக்குள் நுழைந்ததும் ஒரு பெண் என்னை உட்கார வைத்துப் பட்டுப்புடவைகளை விரிக்க ஆரம்பித்தாள். நான் அம்மோனியா பற்றிக் கேட்க வந்திருக்கிறேன் என்றேன். "அந்தக் கலர் மேல் மாடியில இருக்குங்க மேடம்" என்றாள். அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. முதலாளி அண்ணாச்சி கல்லாவை விட்டு எழுந்து வரும்போது பதினொன்றரை.

"தடைக்காலம்லா அம்மா. படகே கடலுக்குப் போகலைன்னா ஐஸ் யாருக்கு? ஆலை சாத்திக் கெடக்கு. வருசா வருசம் உங்க ஆபீஸ்லயிருந்து வர்றவுகளும் 'ஓடலை'ன்னு எழுதிட்டுத்தான் போறாக. நீங்களும் அப்படியே எழுதிட்டுப் போங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஆட்கள் ஆண்டுதோறும் மீன்பிடித் தடைக்காலம் பார்த்துத்தான் போயிருக்கிறார்கள். மற்ற மாதங்களில் ஐஸ் முதலாளிகள் போனை எடுக்க மாட்டார்கள். தடைக்காலத்தில்தான் ஓய்வாகப் பேசுவார்கள். வசதி பார்த்துப் போய், ஓடாத ஆலையைப் பார்த்து, 'ஓடவில்லை' என்று எழுதி, அதனால் அம்மோனியாவும் 'இல்லை' என்று கோப்பை மூடியாயிற்று. எனக்கு வந்த கோபத்தை யார் மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

"சரி அண்ணாச்சி, ஆலை ஓடவில்லை. உள்ளே இருந்த அம்மோனியா எங்கே?"

"அது எங்க போவும்? அங்கனதான் கெடக்கும். எனக்குத் துணி வெவரந்தான் தெரியும். மிசின் வெவரமெல்லாம் அடையாறுல பாய்ட்ட கேளுங்க."

பாய் என்றால் ரஃபீக் பாய். பனிக்கட்டி ஆலைகளுக்கு இயந்திரம் பொருத்திப் பராமரிக்கும் ஒப்பந்தக்காரர். அடையாறுக்கு இன்னொரு ஆட்டோ, இருநூற்றிருபது ரூபாய். கோட்டூர்புரம் பாலத்தில் முக்கால் மணி நேரம் வெந்தேன். அலுவலகம் பூட்டியிருந்தது. வெள்ளிக்கிழமை மதியம், ஜும்மா தொழுகை. இது என் புத்திக்கு முன்பே எட்டியிருக்க வேண்டும். எதிர்க் கடையில் இரண்டு மோர் குடித்துவிட்டுக் காத்திருந்தேன்.

இரண்டேகாலுக்கு வந்த பாய், மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டுப் பேசினார்.

"ஓடறப்போ கேஸ் பைப் பூரா சுத்திக்கினு இருக்கும் மேடம். தடைக்காலத்துலதான் ரிப்பேர் வேலை. பைப்பைப் பிரிக்கணும்னா கேஸ மொத்தமா ஒரே டேங்க்ல இறக்கி வெச்சிடுவோம். இப்ப அதுலதான் குந்திக்கினு கீது. ஞாயித்துக்கிழம காலையில அந்த டேங்க் வால்வ மாத்தறோம்."

ஆக, நாங்கள் 'இல்லை' என்று எழுதிய மாதத்தில்தான் மொத்தமும் ஒரே இடத்தில் இருக்கிறது, அதன் மேலேயே ஸ்பேனர் வைக்கிறார்கள். பகலில் கடற்காற்று அங்கிருந்து நிலையத்தின் பக்கமாகத்தான் அடிக்கும். ஞாயிறு காலை யாருக்கு ஷிஃப்ட் என்று நான் அட்டவணையைத் தேட வேண்டியதில்லை. எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவிலேயே ஒட்டியிருக்கிறது. என் கணவர் அங்கேதான் வேலை பார்க்கிறார் என்று பாயிடம் சொல்லிவிட்டேன்.

அவர் முகம் மாறிவிட்டது. உடனே நாட்காட்டியை எடுத்தார். "அத மொதல்லயே சொல்லக் கூடாதா? சாருக்கு என்னிக்கு லீவு, சொல்லுங்க. அன்னிக்கு வெச்சிக்கலாம்."

எவ்வளவு நல்ல மனுஷர். எனக்குத் தலையைக் கொண்டுபோய்ச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. செவ்வாய்க்கிழமை லீவு. அந்த வார்த்தை நுனி நாக்கு வரை வந்தது, மறைப்பானேன். "சார் லீவு போட்டாலும் அந்த நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார் பாய்" என்றேன்.

அவர் நாட்காட்டியை மூடி வைத்தார். பிறகு, "நான் இன்னா பண்ணணும்?" என்றார்.

அங்கிருந்தே நிலையத்தின் பாதுகாப்பு அதிகாரிக்குப் போன் போட்டு இருவரையும் பேச வைத்தேன். வால்வைத் தொடுவதற்கு முன்பு பாய் கூப்பிட வேண்டும். வேலை முடிகிற வரை நிலையத்தார் வெளிக்காற்று வரும் வழியை அடைத்து வைப்பார்கள். அம்மோனியாவுக்கு உணர்கருவி வைப்பது பற்றி எழுத்தில் தரும்படி அதிகாரி கேட்டார், அன்றே அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமையை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை.

இந்த வழியில் போகப் போகிறவர்களுக்கு: தி. நகர் பக்கம் முகூர்த்த மாதத்தில் போகாதீர்கள். வெள்ளிக்கிழமை போவதென்றால் முதலில் அடையாறு, பிறகு தி. நகர். தண்ணீர், குடை, பொறுமை மூன்றும் கையில் இருக்கட்டும். பனிக்கட்டி ஆலையைத் தடைக்காலத்தில் ஒரு தடவை பாருங்கள், படகுகள் கடலுக்குப் போகிற காலத்தில் ஒரு தடவை பாருங்கள். ஆலை ஓடுகிறதா என்று கேட்காதீர்கள், வாயு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.

ஞாயிறு காலை ஏழு மணியிலிருந்து போனைக் கையைவிட்டுக் கீழே வைக்கவில்லை. பதினொன்றுக்கு பாய் கூப்பிட்டு, வேலை முடிந்தது என்றார். நாலரை மணிக்குக் கணவர் வந்தார். சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுப் புலம்ப ஆரம்பித்தார். "காலையிலேர்ந்து வெளிக்காற்றை அடைச்சு வெச்சுட்டாங்க. ரூமுக்குள்ள ஒரே புழுக்கம். எவனோ குப்பத்துல ஐஸ் ஃபேக்டரியில வால்வு மாத்தறானாம். அதுக்குப் போய் எங்களை எதுக்குடி இந்தப் பாடு படுத்தணும்?"

நான் மின்விசிறியை வேகமாக வைத்தேன். அவர் புலம்பி முடிக்கிற வரை பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.